இரண்டு முறை அள்ளியும் ஆகாயத்தாமரை திரும்ப மூடிவிட்டது, மருந்து அடிக்கலாமா?

குளத்தங்கரை:
எங்கள் குளம் இரண்டரை ஏக்கர். முதல் தடவை நாற்பது பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமை அள்ளினோம். குளம் முழுக்கத் தண்ணீர் தெரிந்தது. ஐந்தே மாதத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி மறுபடி மூடிவிட்டது. இரண்டாம் தடவை பொக்லைன் வைத்து வாரி, கரையிலேயே குவித்தோம். இப்போது மறுபடியும் பாதிக் குளம் மூடிக் கிடக்கிறது. அன்றைக்கு வந்து உழைத்தவர்களைத் திரும்பக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. களைக்கொல்லி அடித்தால் ஒரே வாரத்தில் கருகிவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். குளத்தில் மீன் இருக்கிறது, மாடுகளும் வந்து குடிக்கின்றன. அடிக்கலாமா? இல்லை, நாங்கள் அள்ளியதிலேயே ஏதாவது தப்பா?

கெண்டைமீன்:
தயவுசெய்து அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். எங்கள் ஏரியில் ஒப்பந்தம் எடுத்தவர்கள் ஒரே நாளில் மொத்த ஏரிக்கும் அடித்துவிட்டுப் போனார்கள். செடி கருகியது உண்மைதான். ஆனால் கொஞ்ச நாளில் தண்ணீர் கறுத்து, விடியற்காலையில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று மாலைக்குள் கரை ஓரமெல்லாம் வெள்ளை வயிறாகக் கிடந்தது. மருந்தின் விஷம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். அவ்வளவு செடியும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் அழுகினால், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அந்த அழுகலே தின்றுவிடும் என்பது அப்புறம்தான் புரிந்தது. நீர்நிலைக்கென்று அனுமதிக்கப்பட்ட மருந்தாகவே இருந்தாலும், முறைப்படி அனுமதி வாங்கி, குளத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் அடித்து, அந்த அழுகல் அடங்கிய பிறகு அடுத்த பகுதி என்றுதான் போக வேண்டும். மாடு குடிக்கிற குளம் என்றால் நான் அதற்கும் யோசிப்பேன்.

நீர்முள்ளி:
தம்பி, நீங்கள் அள்ளியதில் தப்பில்லை. அள்ளி முடித்த நாளோடு நிறுத்தியதுதான் காரணமாக இருக்கும். நான் ஆறு வருஷமாக ஒரு ஏரியில் இதே களையோடு போராடி வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், எந்தச் செடி என்று பாருங்கள். ஆகாயத்தாமரை என்று இரண்டு செடிகளைச் சொல்கிறார்கள். ஒன்று தண்டே இல்லாமல், மெத்தென்ற இலைகள் ரோஜா இதழ் மாதிரி அடுக்காக மிதப்பது. இன்னொன்று, காம்பு உப்பி, ஊதாப் பூங்கொத்து விடுவது. வெங்காயத்தாமரை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் குளத்தில் இருப்பது இரண்டாவது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு செடியைத் தூக்கிப் பாருங்கள். கருநீல வேர்க்கொத்து இறகு மாதிரி தொங்கும். அடியிலிருந்து ஓடுதண்டு ஒன்று பக்கவாட்டில் போகும், அதன் நுனியில் ஒரு குட்டி. அந்தக் குட்டிக்கும் ஓர் ஓடுதண்டு இருக்கும். போன வருஷம் கோரைக்குள் கையை விட்டு ஒன்றை இழுத்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு செடி வந்தது, கடைசிக் குட்டி என் கட்டைவிரல் நகம் அளவுதான். கரையிலிருந்து பார்த்தபோது அங்கே எதுவுமே தெரியவில்லை. பொக்லைனுக்கு இதெல்லாம் அகப்படாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இந்தச் செடி ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஓரத்தில் 10 சதுர மீட்டர் விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பத்து தடவை இரட்டித்தால் 10,240 சதுர மீட்டர், அதாவது உங்கள் முழுக் குளம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றாலும் 20 வாரம்தான். உங்கள் ஐந்து மாதம் அங்கேதான் போனது. அதனால் அடுத்த முறை நாற்பது பேர் மூன்று நாள் வருவதை விட, நாலு பேர் ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் ஓரத்தைச் சுற்றிவருவது பெரிய உதவி. நாங்கள் ஆளுக்கொரு கூடையோடு போகிறோம், சில வாரம் கூடையின் அடிகூட நிரம்பாது. அப்போதும் போகிறோம்.

குவியலைக் கரையின் உள்சரிவில் போடாதீர்கள், ஒரு மழைக்கே திரும்ப உள்ளே வழிந்துவிடும். வெளிச்சரிவில் போடுங்கள். செடியில் பெரும்பகுதி தண்ணீர்தான், இரண்டு நாள் வடியவிட்டால் சுமக்கவும் லேசாகிவிடும். முடிந்தவரை பூக்கும் முன்பே அள்ளுங்கள். சேற்றில் இறங்கிய விதை 15 வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

அடுத்தது, தண்ணீர் வரும் வழி. வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் மூங்கிலைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டால், வரும் செடி அங்கேயே தங்கும். அள்ளுவது எளிது. அந்த வாய்க்காலில் சாக்கடை கலக்கிறதா, வயல் உரம் கரைந்து வருகிறதா என்றும் நடந்து போய்ப் பாருங்கள். நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்துகொண்டே இருக்கும்வரை செடிக்கு விருந்துதான். எங்கள் ஏரியில் எனக்கு இன்னும் தீராத வருத்தம் இதுதான், மேலே சாக்கடையை எங்களால் நிறுத்த முடியவில்லை.

வண்டு விடுவதைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். இந்தச் செடியைத் தின்னும் நியோகெட்டினா கூன்வண்டுகளை ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களின் நடுவில் விட்டார்கள், சில ஆண்டுகளில் செடி வெகுவாகக் குறைந்தது. ஆனால் சத்தும் விதையும் அங்கேயே இருந்ததால் பிறகு திரும்பவும் தலைகாட்டியது. செடியைச் சரியாக அடையாளம் காண்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு சால்வீனியா என்ற இன்னொரு மிதக்கும் களையின் கதை போதும். அதை வேறோர் இனம் என்று நினைத்து, அந்த இனத்துக்குரிய பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 1972-இல் மிட்சல் என்ற தாவரவியலாளர் அதைத் தனி இனம் என்று பெயரிட்டார். பிறகு அதன் சொந்த இடத்தைத் தென்கிழக்கு பிரேசிலில் தேடிப் பிடித்து, அங்கிருந்த வண்டை 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏரியே திறந்துவிட்டது. வண்டை நாமாக எங்கிருந்தும் கொண்டுவரக் கூடாது, அது அரசு ஆய்வு நிலையங்கள் செய்ய வேண்டிய வேலை. ஆனால் நியோகெட்டினா உங்கள் குளத்தில் ஏற்கெனவே இருக்கலாம். இலையில் சிறு சிறு பழுப்புச் சுரண்டல் தெரிகிறதா பாருங்கள். பகலில் காம்பின் அடியில் ஒளிந்திருக்கும், இரவில்தான் மேயும்.

ஆட்களைக் கூப்பிடத் தயங்காதீர்கள். மான்சோனியா கொசுவின் புழு இந்த வேர்களைத் துளைத்து அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும், மூச்சுக்காக மேலே வரவே வேண்டாம். யானைக்கால் நோயில் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசு. இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் பக்கம் ஏரிக்கரை வீடுகளிலிருந்து ஆள் வந்தார்கள்.

ஈரமண்:
அக்கா சொன்னதோடு ஒன்று. மேலே மிதப்பதை அள்ளியதும் அடிவரை வெளிச்சம் போகும், அப்போது ஹைட்ரில்லா என்ற, தண்ணீருக்குள் வளரும் களை கிளம்பலாம். அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். சேற்றில் கிழங்கும் வைத்திருக்கும். இன்னொரு குளத்துக்குப் போகும் முன் வலை, படகு, செருப்பு எல்லாவற்றையும் கழுவிக் காயவிடுங்கள்.

குளத்தங்கரை:
நேற்று இரவு டார்ச்சோடு போனேன். ஊதாப் பூ, உப்பிய காம்பு, வெங்காயத்தாமரைதான். மூன்று செடி பார்த்ததில் ஓர் இலையில் நீங்கள் சொன்ன சுரண்டல் இருந்தது. காம்பைப் பிரித்தேன், அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டு, அரிசி அளவு. குவியலையும் பார்த்தேன், உள்சரிவில்தான் போட்டிருக்கிறோம், அதன் அடிப்பக்கம் துளிர் விட்டிருக்கிறது. மருந்து வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். வாரச் சுற்றுக்கு ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அள்ளியதை உரமாக்கித் தோட்டத்துக்குப் போடலாமா அக்கா?

நீர்முள்ளி:
ஆலைக் கழிவு கலக்காத தண்ணீர் என்றால் போடலாம். நறுக்கி, சாணமும் காய்ந்த சருகும் கலந்து குவியுங்கள், உள்ளே நன்றாகச் சூடேற வேண்டும், அவ்வப்போது புரட்டிவிடுங்கள். ஆலைக் கழிவு வரும் வாய்க்கால் என்றால் காய்கறிக்குப் போடவே வேண்டாம், இந்த வேர் ஈயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த வண்டு இருக்கும் பக்கத்தைக் கடைசியாக அள்ளுங்கள். வடியும் செடியில் கொஞ்சத்தைத் தண்ணீர் ஓரம் ஒரு நாள் விட்டுவைத்தால் வண்டு மீதிச் செடிக்கு ஏறிவிடும். முதல் சுற்றை எந்தக் கிழமை வைத்திருக்கிறீர்கள்?