பழைய கேம்களுக்கு எந்தத் திரை வாங்கலாம்?

நண்பர்களே, ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில், பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் மென்பொருளைப் போட்டு சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் ஆகிய பழைய கேம் கருவிகளின் கேம்கள் ஆடுகிறேன். என்னிடம் இருப்பது 1080 வரி மானிட்டர். இந்த கேம்களின் 240 வரிப் படத்தை அதில் நிரப்பினால் நாலரை மடங்கு; சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் தெரிகின்றன, காட்சி நகரும்போது ஒரே நடுக்கம். 1440 வரி மானிட்டர் என்றால் சரியாக 6 மடங்கு, கணக்கு ஒத்துவரும்.

ஆனால் மனசு பழைய டப்பா டிவி பக்கமே இழுக்கிறது. சோனிக் என்ற மெகா டிரைவ் கேமில் வரும் அருவி அதில்தான் கண்ணாடி போலத் தெரியும். மானிட்டரில் வெறும் கோடு கோடாக நிற்கிறது. பழைய சாமான் கடையில் 21 அங்குல டிவி ஒன்று இருக்கிறது. தூக்கிவரவே இரண்டு ஆள் வேண்டும், வீட்டில் திட்டு வேறு விழும்.

1440 மானிட்டரில் சிஆர்டி ஷேடர் (படத்தைப் பழைய டப்பா டிவி போலக் காட்டும் வடிகட்டி) போட்டு ஆடுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அருவி சரியாக வருகிறதா? பை 4 தாங்குமா?