பிசிஷியன் அசிஸ்டன்ட் (பி.ஏ) படிப்பு: நேர்முகம் வரை போய் ‘இல்லை’ எண்டு வந்தால்?

பரந்தன் சந்தி:

வணக்கம் எல்லாருக்கும். தங்கச்சி நியூ ஜேர்சியில இருக்கிறா, கிறீன் கார்ட். டிகிரி முடிச்சிட்டு ஒரு கிளினிக்கில மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை செய்துகொண்டு பிசிஷியன் அசிஸ்டன்ட் (பி.ஏ, டொக்டரோட சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கிற வேலை) படிப்புக்குப் போட்டவ. மூண்டு இடத்தில நேர்முகத்துக்குக் கூப்பிட்டவை. ரெண்டு இடம் இல்லையெண்டு மின்னஞ்சல் போட்டிட்டினம், மற்றது வெயிட் லிஸ்ட். அதோட ஆள் ஒடுங்கிப் போனா. அம்மா இங்கயிருந்து ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில “என்ன கேட்டவங்கள், நீ என்ன சொன்னனி” எண்டு கேட்டுக் கேட்டு, இப்ப அவ போனை எடுக்கிறதையே விட்டிட்டா.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. நேர்முகம் வரை போய் விடுபட்டால் பிழை எங்க எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வெயிட் லிஸ்ட்டில நிக்கேக்க ஏதும் செய்யலாமோ? வேலையை விட்டிட்டு இங்க வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில ஆறேழு மாதம் நிண்டால் அனுபவம் கூடும் எண்டு அவ யோசிக்கிறா, அது கணக்கில வருமோ? வீட்டில நாங்கள் என்ன கதைக்கிறது, என்ன கதைக்காமல் விடுறது?

முறிகண்டிக் கச்சான்:

முதல் கேள்விக்கு என் பதில். அழைப்பு வந்தது என்றால் அவவின் ஜி.பி.ஏ (பாடப் புள்ளிகளின் சராசரி), அனுபவ மணித்தியாலம், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் அந்த இடங்களின் வடிகட்டலைத் தாண்டிவிட்டன. போட்ட எல்லா இடமும் அழைக்காமலே விட்டிருந்தால் நோய் விண்ணப்பத்தில். அழைத்துவிட்டு எடுக்காமல் விட்டால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அப்படித் தேட மூன்று விசயம் இருக்கிறது.

ஒன்று, திகதி. காஸ்பா (CASPA) என்ற, பல பி.ஏ படிப்புகளுக்கும் ஒன்றாகப் போடுகிற பொது விண்ணப்பம் ஒவ்வொரு வருசமும் ஏப்ரல் கடைசியில் திறக்கும். நிறைய இடங்களில் நேர்முகம் நடக்க நடக்கவே இடம் கொடுத்துக்கொண்டு போவார்கள். செப்டெம்பரில் போனவருக்கு வகுப்பு முழுக்கக் காலி, பெப்ரவரியில் போனவருக்கு மிச்சம் நாலைந்து கதிரை. ஒரே பிள்ளை, ஒரே பதில், முடிவு மட்டும் வேறு. அவ எப்போது சமர்ப்பித்தவ, எப்போது நேர்முகம் என்று கேளுங்கோ. ஓகஸ்ட்டுக்குப் பிறகு சமர்ப்பித்திருந்தால் பாதிக் காரணம் அங்கேயே கிடக்கும். பெறுபேற்றுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்து காஸ்பா சரிபார்த்து முடிக்கவே சில வாரம் எடுக்கும். ஆகவே அடுத்த முறை யூனுக்குள் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு, நேர்முகமே. அதை மற்ற ஆக்கள் சொல்லட்டும்.

மூன்று, நேர்முகத்துக்குப் பிறகு விண்ணப்பக் கோவை முழுவதையும் திரும்ப எடுத்துப் புள்ளி போடுகிற இடங்கள் உண்டு. அங்கே நேர்முகம் நன்றாகப் போயும் ஜி.பி.ஏ இழுத்து விழுத்தும். இது வெளியிலிருந்து தெரியாது, கேட்டால்தான் தெரியும். இறுதி முடிவு வந்து ஒரு கிழமை கழித்து நாலு வரியில் மின்னஞ்சல்: நன்றி, அடுத்த முறையும் விண்ணப்பிக்க விருப்பம், எந்தப் பகுதியைப் பலப்படுத்த வேண்டும் என்று சொல்ல முடியுமா. “ஏன் எடுக்கவில்லை” என்று கேட்டால் பதில் வராது, அது வழக்காடுகிற தொனி. சொல்ல முடியாது என்று பதில் வந்தால் அதோடு விடவும், இரண்டாம் தரம் எழுத வேண்டாம்.

இன்னொன்று: மூன்று நேர்முகத்திலும் கேட்ட கேள்விகளையும் தான் சொன்னவற்றையும் இப்போதே கொப்பியில் எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் போனால் நினைவில் நிற்பது தான் தடுமாறிய இடம் மட்டும்தான்.

குளக்கட்டு:

ரெண்டு மூண்டு சயன்ஸ் பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ எடுத்தால் பழைய புள்ளி அழிஞ்சிடும், எல்லாம் சரிவரும்.

ஓமந்தை:

குளக்கட்டு சொன்னது அவவின் பல்கலைக்கழகக் கணக்கில் சரியாக இருக்கலாம், காஸ்பாவில் அழியாது. திரும்ப எடுத்த பாடத்தின் பழைய புள்ளி, புதுப் புள்ளி இரண்டையும் அது கூட்டும். கணக்கைப் பாருங்கோ (ஏ என்றால் 4 புள்ளி): 130 கிரெடிட்டில் 3.2 இருக்கிற பிள்ளை இன்னும் 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் 3.27தான் வரும். மூன்று பாடத்துக் காசையும் ஒரு செமஸ்டரையும் கொடுத்து 0.07 வாங்குகிறோம். மூன்று இடம் அழைத்த பிள்ளைக்கு இது தேவையில்லாத செலவு. சி வாங்கிய முன்தேவைப் பாடம் ஏதும் இருந்தால் அதை மட்டும் எடுக்கலாம். பாடம் பழையதாகிவிடுகிற இடங்களும் உண்டு, அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது பத்து வருசத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். அதை ஒவ்வொரு இடத்தின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளட்டும்.

நெடுங்கேணி:

நேர்முகம் பற்றி. ஒரு குழு முன்னால் இருந்து கேட்பது ஒரு வகை. எம்.எம்.ஐ (பல குறுநேர்முகம்) மற்றது: ஆறிலிருந்து பத்து அறை, ஒவ்வொரு கதவிலும் ஒரு சம்பவம் எழுதியிருக்கும், வாசிக்க இரண்டு நிமிசம், உள்ளே ஆறிலிருந்து எட்டு நிமிசம். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை. இரண்டுக்கும் வேறு வேறு பயிற்சி வேண்டும்.

எம்.எம்.ஐயில் எங்கள் பிள்ளைகள் விழுகிற இடம், சரியான விடை ஒன்று இருக்கிறது என்று நினைத்து முதல் நிமிசத்திலேயே அதைச் சொல்லிவிடுவது. உதாரணம்: கூட வேலை செய்கிறவரில் மது மணக்கிறது, என்ன செய்வீர்கள்? “மேலதிகாரியிடம் முறையிடுவேன்” என்று முப்பது செக்கனில் முடித்தால் மிச்ச ஆறு நிமிசமும் வெறுமை. முதலில் நோயாளியை அவரின் கையிலிருந்து விலக்குவது, பிறகு அவரைத் தனியாகக் கேட்பது, அது வேறு வருத்தமாகவும் இருக்கலாம் என்று யோசிப்பது (சீனி கூடின ஆளுக்கும் மூச்சு மணக்கும்), அதற்குப் பிறகுதான் மேலிடம். இந்த ஒழுங்குக்குத்தான் புள்ளி.

குழு நேர்முகத்தில் “ஏன் பி.ஏ, ஏன் டொக்டர் இல்லை?” கட்டாயம் வரும். “டொக்டர் படிப்பு நீளம்” என்றால் முடிந்தது. படிப்பு ஏறக்குறைய 27 மாதம் என்பது அவர்களுக்கே தெரியும். டொக்டரோடு சேர்ந்து குழுவாக வேலை செய்வது, சத்திரசிகிச்சையிலிருந்து குடும்ப மருத்துவத்துக்கு மாறினாலும் புதிதாக ரெசிடென்சி (டொக்டர்மார் ஒரு துறைக்கென எடுக்கிற நீண்ட பயிற்சி) செய்யத் தேவையில்லை என்பது, இவற்றைத் தன் கிளினிக்கில் பி.ஏ ஒருவர் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் வளர்ப்பில் உள்ள சிக்கல் ஒன்று. பெரியாக்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தி, “நாங்கள் செய்தனாங்கள்” என்று சொல்லப் பழக்கியிருக்கிறோம். நேர்முகக்காரருக்கு அந்த “நாங்க”ளில் இந்தப் பிள்ளை செய்தது எது என்று தெரியாது, புள்ளி போட முடியாது. என்ன நடந்தது, என் பொறுப்பு என்ன, நான் செய்தது, முடிவு: ஒரு சம்பவத்தை ஒன்றரை நிமிசத்தில் இந்த வரிசையில் சொல்லி, போனில் பதிவு செய்து, திரும்பக் கேட்கட்டும். மனப்பாடம் வேண்டாம், ஒப்புவிப்பது இரண்டாவது வரியிலேயே பிடிபடும். ஐந்தாறு சம்பவம் தயாராக இருந்தால் எந்தக் கேள்விக்கும் ஒன்று பொருந்தும்.

“வாழ்க்கையில் சந்தித்த கஷ்டம்” என்று கேட்பார்கள். 2009 யுத்தத்தைச் சொல்லத்தான் வேண்டும் என்று வன்னிப் பிள்ளை நினைக்கத் தேவையில்லை. குரல் உடையாமல் சொல்லக்கூடியதாக இருந்தால் இரண்டு வசனம், மிச்ச நேரம் அதற்குப் பிறகு தான் செய்ததைப் பற்றி. முடியாது என்றால் கிளினிக்கில் நடந்த ஒன்று தாராளமாகப் போதும். அழுதால் இரங்கி இடம் தருவார்கள் என்று யாரும் சொல்லிக்கொடுத்தால் நம்ப வேண்டாம்.

இரவு டியூட்டி:

வேலையை விட்டிட்டு இங்க வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வாரம் 40 மணித்தியாலப்படி 26 கிழமைக்கு 1040 மணித்தியாலம், சம்பளத்தோட, பொறுப்போட, அவ அங்க சேர்க்கிறது. இங்க வந்தால் அதில ஒண்டும் சேராது. எங்கட ஆஸ்பத்திரியில பதிவில்லாத ஆள் வாட்டில நிக்க வேணுமெண்டால் வைத்தியசாலைப் பணிப்பாளரிட்டயும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலயும் எழுத்தில அனுமதி கேட்க வேணும். கிடைச்சாலும் பார்க்கிறதுக்கு மட்டும்தான். காஸ்பாவில அது நிழல்போல நிண்டு பார்த்த கணக்கில போகும், நோயாளியைக் கவனிச்ச கணக்கில போகாது. தெரிஞ்ச நேர்ஸ் மிஸ்ஸைப் பிடிச்சு ஊசி போட்டுப் பழகினன், காயம் கட்டினன் எண்டு எழுதினால் இன்னும் மோசம். தன்ர நாட்டில செய்ய அனுமதி இல்லாததை வேற நாட்டு ஏழைச் சனத்தில செய்து பார்த்தவ எண்டுதான் தேர்வுக்குழு வாசிக்கும்.

கிறீன் கார்ட் எண்டதால இன்னொண்டு: 180 நாளுக்கு மேல வெளியில நிண்டால் திரும்ப உள்ள போகேக்க கேள்வி வரும், சிற்றிசன்சிப்புக்கான தொடர் வதிவுக் கணக்கும் இடிபடலாம். மூண்டு நாலு கிழமை லீவில வந்து அம்மாவோட நிண்டிட்டுப் போகட்டும். அதை விண்ணப்பத்தில போடவும் தேவையில்லை.

வட்டக்கச்சி அக்கா:

தம்பி, முதல் அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ. எங்கட சனத்துக்கு கம்பஸ் எண்டால் ஏ.எல் (உயர்தர) பரீட்சையில வாற இசட் புள்ளி. இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பட்டியலில. வெட்டுப்புள்ளிக்கு மேல நிண்டால் உள்ள, கீழ நிண்டால் வெளியில. ஆரும் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறதில்லை. அதால நேர்முகத்தில விடுபட்டது எண்டால் பிள்ளை வாயால கெடுத்துப்போட்டுது எண்டுதான் அம்மா நினைப்பா. தகுதியான ஆக்களைத்தான் கூப்பிடுறவை, இருக்கிற இடத்தை விடக் கனபேரைக் கூப்பிடுறவை, மிஞ்சின ஆக்கள் தகுதியில்லாத ஆக்கள் இல்லை எண்டு சொல்லுங்கோ. ஏ.எல்லும் மூண்டுதரம் எடுக்கலாம்தானே, அம்மாவுக்கு அது விளங்கும்.

விசாரணை நிக்க வேணும். அம்மா போன் எடுத்தால் சாப்பாடு, வேலை, குளிர் கதைக்கட்டும், படிப்பை அவவே எடுத்தால் மட்டும் கேட்கலாம். “எல்லாம் நன்மைக்குத்தான்” வேண்டாம். “அப்ப கலியாணத்தைப் பாப்பமோ” அறவே வேண்டாம். ஊருக்குச் சொல்ல வீட்டில எல்லாரும் ஒரே வசனத்தை வைச்சிருங்கோ: ஒரு இடத்தில முடிவு இன்னும் வரேல்லை. அது உண்மையும்தான்.

ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, வேலைக்குப் போகேல்லை, “நான் இருந்து என்ன” மாதிரிக் கதை வந்தால் சுத்தி வளைக்காமல் நேராக் கேளுங்கோ, சாகிற எண்ணம் வருதோ எண்டு. கேட்டால் எண்ணம் புதுசா வந்திடும் எண்டு பயப்பிட வேண்டாம். அங்க அவ 988 எண்ட நெருக்கடி உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம், எழுதியும் அனுப்பலாம். இங்க அம்மாவுக்கே தேவைப்பட்டால் மனநல உதவி இலக்கம் 1926.

பரந்தன் சந்தி:

எல்லாருக்கும் நன்றி. எல்லாத்தையும் அவவுக்கு அனுப்பிட்டன், லீவு எடுத்து வாறதெண்டு சொல்லியிருக்கிறா. வெயிட் லிஸ்ட் கதை மட்டும் ஆரும் சொல்லேல்லை. சும்மா பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?

முறிகண்டிக் கச்சான்:

சும்மா இருக்கத் தேவையில்லை, ஆனால் முதலில் அந்த இடத்தின் விதியை வாசிக்கட்டும். மேலதிகத் தகவல் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தால் அனுப்பவே கூடாது. அனுமதி இருந்தால் ஒரு பக்கத்துக்குள் ஒரு கடிதம், நேர்முகத்துக்குப் பிறகு புதிதாக நடந்தவை மட்டும்: கூடின மணித்தியாலம், முடித்த பாடம், புதிய பொறுப்பு. இடம் தந்தால் கட்டாயம் வருவேன் என்பது உண்மையானால் எழுதலாம், இரண்டு இடத்துக்கு அதை எழுதக்கூடாது.

பட்டியல் அசைவது மற்றவர்கள் இடத்தை விடும்போதுதான். பல இடத்தில் கிடைத்தவர் ஒன்றுக்கு முற்பணம் கட்டி மற்றதை விடுவார். அதனால் முற்பணக் கடைசித் திகதிக்குப் பிறகும், வகுப்பு தொடங்குவதற்கு முந்தின சில கிழமைகளிலும் அழைப்பு வரும். முதல் வாரத்திலும் வந்ததுண்டு. சில நாளுக்குள் பதில் சொல்லி, பெரும்பாலும் திருப்பித் தராத முற்பணமும் கட்ட வேண்டும். அந்தக் காசை இப்போதே ஒதுக்கி வைக்கட்டும், ஸ்பாம் பெட்டியையும் பார்க்கட்டும்.

சமாந்தரமாக ஏப்ரல் விண்ணப்பம். பழைய காஸ்பாவிலிருந்து பாடங்களும் அனுபவங்களும் கொண்டுவரலாம். கடிதங்களும் 5000 எழுத்துக்குள் எழுதுகிற தன்விளக்கக் கட்டுரையும் வராது, புதிதாக வேண்டும். கடிதம் குறைந்தது இரண்டு, கூடினது ஐந்து, எழுதுகிறவர்களிடம் மார்ச்சிலேயே சொல்லிவைக்க வேண்டும். சமர்ப்பித்த பிறகு கட்டுரையில் ஒரு எழுத்தும் திருத்த முடியாது.

அழைப்பு திடீரென வந்தால் ஆக்கள் தடக்குப்படுவது தடுப்பூசிப் பத்திரத்தில். ஹெப்படைடிஸ் பி வழமையான முறையில் 0, 1, 6 மாதம் என மூன்று ஊசி, பிறகு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்ற பரிசோதனை. அதை இப்போதே செய்து வைக்கட்டும். காசநோய்ப் பரிசோதனை இன்னொன்று. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கும், தோள்மூட்டுக்குக் கீழே தழும்பு இருக்கும். அதனால் தோலில் போடுகிற பரிசோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டலாம், பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று கிழமைகள் போகும். பி.சி.ஜி போட்டது என்று சொல்லி, நேரே இரத்தப் பரிசோதனையைக் கேட்கச் சொல்லுங்கோ. பிள்ளையின் சுகாதார அட்டை அம்மாவிடம் இருந்தால் படமெடுத்து அனுப்பிவிடுங்கோ.