படம் இருட்டா, லேம்ப் இருட்டா?

பால்கனி டிக்கெட்:
சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தப் படத்துக்கும் மூன்று வரி தவறாமல் எழுதுகிறார்கள். ‘ஒரே இருட்டு’, ‘பேசுறது ஒண்ணும் விளங்கல’, ‘டிவியில பார்த்தா சீரியல் மாதிரி இருக்கு’. பல நேரம் இந்த மூன்றுமே படத்தின் குற்றம் இல்லை. அதனால் இந்த இழைக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: எந்தத் திரை, எத்தனாவது வரிசை, எந்த நாள் ஷோ என்று கருத்தோடு சேர்த்து எழுதுங்கள். வீட்டில் பார்த்தது என்றால் டிவி எந்த மோடில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். கதை பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் பாடு, அதற்கு யாரும் அத்தாட்சி கேட்கப்போவதில்லை.

கேபின் ஜன்னல்:
இருட்டுல இருந்தே ஆரம்பிக்கலாம். டிஜிட்டல் சினிமாவுக்கு வச்சிருக்கிற வெளிச்ச அளவு 14 ஃபுட் லாம்பர்ட், அதாவது 48 நிட்ஸ். வெறும் வெள்ளை ஓடும்போது திரை நடுவுல அவ்வளவு வெளிச்சம் விழணும். கேமராமேன் கலர் பார்த்து ஓகே சொல்றதும் அந்த வெளிச்சத்துலதான். புரொஜக்டர்ல இருக்கிற ஸெனான் லேம்ப் மாட்டின நாள்ல இருந்தே மங்க ஆரம்பிச்சிரும். வாட்டேஜைப் பொறுத்து 500 மணி நேரமும் தாங்கும், 2,000 மணி நேரமும் தாங்கும். பெரிய திரைக்குப் போடுற பெரிய லேம்புக்குத்தான் ஆயுசு கம்மி. ஒரு நாளைக்கு 4 ஷோ, ஷோவுக்கு 3 மணி நேரம்னு வச்சா 1,000 மணி நேர லேம்ப் மூணு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். அதை இன்னும் ரெண்டு மாசம் இழுக்கப் பார்க்கிற இடத்துலதான் சிக்கல். பட்டப்பகல்ல எடுத்த பாட்டும் ஃபைட்டும் தப்பிச்சிரும், ராத்திரி சீன் மாட்டிக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். படம் ஆரம்பிக்கும்போது சென்சார் சர்ட்டிஃபிகேட் 10 விநாடி நிக்குது இல்லையா, அதை நல்லா பாருங்க. ஸ்கேன் பண்ண தாள், கொஞ்சம் பழுப்பா இருக்கிறது சகஜம். ஆனா பழைய பேப்பர் கடையில கிடக்கிற தாள் மாதிரி இருந்தா லேம்ப் கடைசிக் காலத்துல இருக்கு. நடு வெள்ளையா இருந்து மூலை நாலும் சாம்பலா இருந்தா லேம்ப் அலைன்மென்ட் பார்க்கணும், இல்லைன்னா அது 3டிக்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீன். தாளோட அடியில இருக்கிற பொடி எழுத்து படிக்க வரலைன்னா ஃபோகஸ். தாளோட மேலும் கீழும் வெட்டுப்பட்டிருந்தா ஃபார்மட் மாறியிருக்கு. அகலத் திரை ஸ்கோப் படத்தோட அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு, ஃப்ளாட் படத்துக்கு 1.85 மடங்கு. ஸ்கோப்புக்கு ஜூம் வச்ச லென்ஸ்ல ஃப்ளாட் படம் ஓடினா மேலயும் கீழயும் திரைக்கு வெளிய வழிஞ்சிரும், தலை இல்லாத ஹீரோதான் கிடைப்பார். பிளேலிஸ்ட்ல லென்ஸ் மாத்துற கட்டளை சேர்க்க மறந்தா இப்படி நடக்கும்.

முன் சீட்:
3டி படம் இருட்டுன்னு எழுதினேன், அதுவும் தியேட்டர் குத்தமா?

கேபின் ஜன்னல்:
3டிக்கு வச்ச இலக்கே 4.5 ஃபுட் லாம்பர்ட் கிட்டதான். 2டியில மூணுல ஒரு பங்குகூட இல்ல. புரொஜக்டர் முன்னாடி இருக்கிற ஃபில்டரும் உங்க கண்ணாடியும் சேர்ந்து மிச்சத்தை முழுங்கிரும். அதனால அது முறையான இருட்டு. முறையில்லாத இருட்டு வேற: முந்தின ஷோ 3டி ஓடி, அந்த ஃபில்டரைத் தள்ளாமலே அடுத்து 2டி படத்தைப் போட்டுட்டாங்கன்னா காரணமே இல்லாம பாதி வெளிச்சம் போயிரும். சில்வர் ஸ்கிரீன்ல இன்னொரு தொல்லை. நேரா உட்கார்ந்தவனுக்குத் திருப்பி அடிக்கிற வெளிச்சம் ஓரத்துல உட்கார்ந்தவனுக்கு வராது. அந்த மாதிரி ஹால்ல ஓர சீட் எடுத்துட்டு ஒளிப்பதிவைத் திட்டாதீங்க.

சென்டர் ஸ்பீக்கர்:
‘விளங்கவில்லை’ என்பதற்கு வருகிறேன். இது கொஞ்சம் நீளும்.

தியேட்டரில் வசனம் அநேகமாக முழுவதும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒரே ஸ்பீக்கரில் இருந்துதான் வருகிறது. பாட்டும் பின்னணி இசையும் இடம், வலம், சுற்றுச்சுவர் என்று பரவி வரும். ஆகவே முதல் கேள்வி, பாட்டு எப்படி இருந்தது? பாட்டு கணீரென்று இருந்து, வசனம் மட்டும் போர்வைக்குள் இருந்து பேசுவது போல வந்தால், நடு ஸ்பீக்கரின் ஹை ஃப்ரீக்வென்சி டிரைவர், அதாவது கீச்சு ஒலிகளைக் கொடுக்கும் பகுதி, போயிருக்கலாம். காதை ‘ஸ’, ‘ஷ’, ‘ச’ ஒலிகளில் வையுங்கள். அந்த உரசல் சத்தம் இருப்பது மேல் அலைவரிசையில். டிரைவர் போனால் ‘பஸ்’ என்பது ‘பத்’ என்று விழும், ‘ஸ்டேஷன்’ பாதியில் கரையும். ஆண் குரலின் அடித்தொண்டை மட்டும் மிஞ்சுவதால் சத்தம் இருப்பது போலவே தோன்றும், சொல்தான் பிடிபடாது.

எல்லாச் சத்தமும் சேர்ந்தே சன்னமாக இருந்தால் ஃபேடர், அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். டால்பி பிராசஸரில் அளவு 0 முதல் 10 வரை. ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்கிறவர் 7இல் வைத்துத்தான் கேட்கிறார். 7 என்றால் சோதனை இரைச்சல் ஓட்டும்போது திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபல் கொடுக்க வேண்டும். 4க்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய 3.3 டெசிபல். தியேட்டரில் 5க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 6.7 டெசிபல் குறைந்துவிடுகிறது. வெடிகுண்டுக்கு அது நல்லது. கிசுகிசுப்பாகப் பேசும் காட்சி ஏசி இரைச்சலிலும் பாப்கார்ன் பொட்டலத்திலும் மூழ்கிவிடும்.

முன் சீட்:
7ல வச்சா காது கிழியுது சார். இறக்குறவங்க மேல மட்டும் பழி போடாதீங்க.

சென்டர் ஸ்பீக்கர்:
உண்மை, மறுக்கவில்லை. 2024 நவம்பரில் ‘கங்குவா’ வந்தபோது இரைச்சல் பற்றிய புகார் பெருகி, ஒலி அளவில் 2 புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களிடம் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே அறிவித்தார். 2 புள்ளி என்றால் மேலே சொன்ன அதே 6.7 டெசிபல். இது ஒரு விஷச் சுழல். தியேட்டர் எப்படியும் இறக்கப்போகிறது என்று மிக்ஸிங்கில் ஏற்றி வைக்கிறார்கள். ஏற்றி வைக்கிறார்கள் என்று தியேட்டர் மேலும் இறக்குகிறது. நடுவில் அடக்கமாக மிக்ஸ் செய்த ஒரு படம் அதே 5இல் ஓடினால், அதற்குத்தான் ‘வசனம் கேட்கல’ என்று விமர்சனம். ஃபேடரைப் படத்துக்குப் படம் மாற்றாமல் ஒரே இடத்தில் விட்டுவைக்கும் ஹால்கள் நிறைய.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பெரிய ஒற்றைத்திரை அரங்கின் கடைசி வரிசையில் வாயசைவுக்குக் கொஞ்சம் பின்னால் குரல் வருவது போலத் தெரிந்தால் டப்பிங்கைக் குறை சொல்லாதீர்கள். ஒலி ஓர் அடியைக் கடக்க ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். 100 அடி தள்ளி உட்கார்ந்தால் 90 மில்லிசெகண்ட் தாமதம், அதாவது 24 ஃபிரேம் கணக்கில் 2 ஃபிரேம். ஒலியை அளந்து சரிசெய்வது திரையில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். அந்த வரிசைதான் காதுக்கு லாபம். கண்ணுக்கு, திரை அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம்: 40 அடித் திரைக்கு 60 அடி.

மதுரை டப்பிங்:
டப்பிங் என்று பேச்சு வந்ததால். வேற்றுமொழிப் படத்தைத் தமிழில் பார்த்து ‘ஒட்டவில்லை’ என்று எழுதுகிறவர்கள் உதட்டைப் பாருங்கள். ‘ப’வும் ‘ம’வும் உதடு மூடாமல் வராத எழுத்துகள். நடிகர் உதட்டை மூடும் இடத்தில் தமிழ் வசனத்தில் ‘க’வோ ‘த’வோ விழுந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். முகம் திரை நிறையத் தெரியும் ஷாட்டில் இதற்காகவே ‘போ’வைப் பிடித்துக்கொண்டு ‘கிளம்பு’ என்பதை விட்டுவிடுவோம். வசனம் செயற்கையாக இருக்கிறது என்று நீங்கள் திட்டும் வரிகளில் பல இப்படி உதட்டுக்கு விலை கொடுத்தவை. முதுகு காட்டும் ஷாட்டிலும் செயற்கையாக இருந்தால் அது சோம்பல், தாராளமாகத் திட்டலாம்.

தரை டிக்கெட்:
முதல் நாள் பார்த்தவங்களும் அடுத்த வாரம் பார்த்தவங்களும் இங்க சண்டை போட்டுக்கிறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. ரெண்டு பேரும் பார்த்தது ஒரே படம் இல்ல. 2024 ஜூலையில ‘இந்தியன் 2’ வந்த சில நாள்லயே 12 நிமிஷம் குறைச்சாங்க. இப்பல்லாம் குறைக்கிறது சுலபம். முழுப் படத்தையும் மறுபடி அனுப்ப வேண்டியதில்ல. தியேட்டர் சர்வர்ல ஏற்கெனவே இருக்கிற டிசிபி, அதாவது படத்தோட டிஜிட்டல் ஃபைல் தொகுப்பு, அப்படியே இருக்கும். எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டுன்னு சொல்ற புது வரிசைப் பட்டியல் ஒரு சின்ன ஃபைலா வரும், கூடவே பூட்டி வர்ற அந்தப் படத்தைத் திறக்கிற கேடிஎம்ங்கிற டிஜிட்டல் சாவி. பிளேலிஸ்ட்ல பழைய பட்டியலையே விட்டு வச்சிருக்கிற ஹால்ல பழைய நீளம்தான் ஓடும். வெட்டின இடத்தைப் பின்னணி இசையில பிடிக்கலாம். சுருதி நடுவுல தாவும், இல்ல ரீங்காரம் அடங்காமலே அடுத்த சீன் ஆரம்பிச்சிரும்.

‘கேடிஎம் வரல, ஷோ லேட்’டுன்னு எழுதுறவங்களுக்கும் ஒரு விளக்கம். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, ஒரு குறிப்பிட்ட வர்ஷனுக்கு, இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும்னு பூட்டி வர்றது. ஸ்கிரீன் 2க்கு வந்த சாவியை வச்சு ஸ்கிரீன் 4ல திறக்க முடியாது. கூட்டம் அதிகம்னு கடைசி நேரத்துல பெரிய ஹாலுக்கு மாத்தினா புதுச் சாவி வாங்கணும். பணப் பஞ்சாயத்து முடியாம சாவியை நிறுத்தி வைக்கிற கதை தனி, அது ஆபரேட்டர் கையில இல்ல.

ரிமோட் ராணி:
இப்ப வீட்டுக்கு வாங்க. ‘சீரியல் மாதிரி இருக்கு’ன்னு எழுதின அத்தனை பேரும் முதல்ல ரிமோட்டை எடுங்க. படம் நொடிக்கு 24 ஃபிரேம். டிவி தானா நடுவுல பொய் ஃபிரேம் செஞ்சு சொருகி வழவழன்னு ஆக்குது. நொடிக்கு 50 ஃபீல்டுல, அதாவது 50 பாதி ஃபிரேம்ல, சீரியல் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது சீரியலாத்தான் தெரியும். சாம்சங்ல ‘ஆட்டோ மோஷன் ப்ளஸ்’, புது மாடல்ல ‘பிக்சர் க்ளாரிட்டி’, எல்ஜியில ‘ட்ரூமோஷன்’, சோனியில ‘மோஷன்ஃப்ளோ’. ஆஃப் பண்ணுங்க. பிக்சர் மோடு ‘விவிட்’ல இருந்தா ‘மூவி’, ‘சினிமா’ இல்லைன்னா ‘ஃபிலிம்மேக்கர்’. முதல் பத்து நிமிஷம் மஞ்சளா இருக்கிற மாதிரி தோணும், அப்புறம் கண் பழகிரும். எனர்ஜி சேவிங்கையும் நிறுத்துங்க, அறை வெளிச்சம் குறைஞ்சா அது படத்தையும் குறைச்சிரும்.

நிறைய பேர் இங்கதான் ஏமாறுறாங்க: சாதாரணப் படம் ஓடும்போது மாத்தின செட்டிங், எச்டிஆர் படத்துக்கும் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவுல அதிக வீச்சு காட்டுறது) அதுல ஒரு வகையான டால்பி விஷனுக்கும் போகாது. ஒவ்வொண்ணும் தனித்தனியா சேமிக்குது. எச்டிஆர் படம் ஓடிட்டு இருக்கும்போதே இன்னொரு தடவை மாத்தணும். எச்டிஎம்ஐல ஸ்டிக் சொருகியிருந்தா அந்த இன்புட்டுக்கும் தனி.

முன் சீட்:
எல்லாம் மாத்தியும் இருட்டுதான்க்கா.

ரிமோட் ராணி:
டிவி விலை கம்மியானதா? பெட்டியில எச்டிஆர்னு எழுதியிருக்கும், ஆனா பேனல் 250, 300 நிட்ஸ்தான் தரும். எச்டிஆர் படம் அதுக்கு மேல பிரகாசத்தைக் கேட்கும். இல்லாத வெளிச்சத்தை அடக்க டிவி மொத்தப் படத்தையும் கீழ இறக்கிரும். அந்த டிவியில எச்டிஆர் இல்லாம பார்க்கிறதுதான் நல்லது. ஃபயர் டிவி ஸ்டிக்னா செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், டிஸ்ப்ளே, அதுக்குள்ள டைனமிக் ரேஞ்ச் செட்டிங்ஸ். ‘டிசேபிள் எச்டிஆர்’ கொடுங்க. அப்புறமும் இருட்டுச் சுவர்ல வட்டவட்டமா படிக்கட்டு மாதிரி தெரிஞ்சா அது இணையம். தியேட்டர் டிசிபிக்கு உச்ச வரம்பு நொடிக்கு 250 மெகாபிட். நெட்ஃப்ளிக்ஸ் 4கேவுக்குக் கேட்கிற வேகமே 15 மெகாபிட்தான், அதுவும் பிரீமியம் பிளான்ல. பேசிக் பிளான்ல 720க்கு மேல வராது, அதை 55 இன்ச்ல பார்த்துட்டு ‘குவாலிட்டி மோசம்’னு எழுதக்கூடாது.

வசனம் கேட்கலைன்னா, ஆடியோ மெனுவுல 5.1 தேர்வாகியிருக்கான்னு பாருங்க. டிவி ஸ்பீக்கர் மட்டும்தான்னா ஸ்டீரியோ இருந்தா அதுக்கு மாத்துங்க. அசெம்பிள் செட் ஹோம் தியேட்டர் வச்சிருக்கிறவங்க, சென்டர் ஸ்பீக்கர் ஒயர் சொருகியிருக்கான்னு பின்னாடி போய்ப் பார்த்துட்டு வாங்க. சிரிக்காதீங்க, நிறைய வீட்டுல அதுதான் விஷயம். ப்ளூடூத் ஸ்பீக்கர்ல உதடும் குரலும் விலகுறது ப்ளூடூத்தோட தாமதம், ஒயர் போட்டா சரியாகும்.

முன் சீட்:
கடைசியா ஒண்ணு. தியேட்டர்ல இதெல்லாம் தெரிஞ்சா யார்கிட்ட சொல்றது? கத்தினா யாரும் கண்டுக்க மாட்டேங்கிறாங்க.

கேபின் ஜன்னல்:
ஒற்றைத் திரைன்னா இன்னமும் ‘ஃபோகஸ்!’னு ஒரு குரல் விட்டா கேபின்ல ஆள் எட்டிப் பார்ப்பாரு. மல்டிபிளெக்ஸ்ல பல இடத்துல கேபின்ல ஆளே கிடையாது. எல்லா ஸ்கிரீனும் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து ஓடுது, நீங்க கத்துறது பக்கத்து சீட்டுக்கு மட்டும்தான் கேட்கும். வெளிய போய் டூட்டி மேனேஜரைக் கேளுங்க. ‘படம் சரியில்ல சார்’னா அவர் இயக்குநரைத் திட்டுறீங்கன்னு நினைச்சுக்குவார். ‘ஸ்கிரீன் 3, ஸ்கோப் ஃபார்மட் மாறியிருக்கு’, ‘சென்டர்ல ஹை வரல’, ‘3டி ஃபில்டர் முன்னாடியே நிக்குது’ன்னு சொல்லுங்க. அதுல ஃபார்மட்டும் ஃபில்டரும் உடனே சரியாகும், ஃபேடர் ஏத்துறதும் அப்படித்தான். லேம்பும் ஸ்பீக்கர் டிரைவரும் அந்த ஷோவுல ஆகாது. பணமோ வேற ஷோவோ கேட்கலாம், தர்றது அவங்க இஷ்டம். இடைவேளை வரைக்கும் உட்கார்ந்து பார்த்துட்டுப் போய்க் கேட்டா அதுவும் கஷ்டம். சர்ட்டிஃபிகேட் போனதுமே எழுந்துருங்க, டைட்டில் முடியறதுக்குள்ள சீட்டுக்கு வந்துரலாம்.