1956 பிளிமத் சபர்பன்: வலது பின்பக்க எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பட்டையை பெங்களூருவிலேயே செய்ய முடியுமா?

மடிவாளா வேகன்:
வணக்கம். வண்டி 1956 பிளிமத் சபர்பன் ஸ்டேஷன் வேகன், நாலு கதவு. டிங்கரிங் முடிந்து பிரைமர் அடித்தாயிற்று, டாப் கோட் இன்னும் இல்லை. வலது பின் குவார்ட்டரில் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகட்டில்) ஓடும் பளபளப்புப் பட்டை இல்லவே இல்லை. இடதுபக்கத்தது இருக்கிறது, கூர்நுனி மட்டும் நசுங்கியிருக்கிறது. வலது முன்கதவுப் பட்டை நடுவில் கிழிந்துவிட்டது. வண்டியின் பின்னால் திறக்கும் கதவில் உள்ள பெயர் எழுத்துகளில் இரண்டு புள்ளி புள்ளியாக அரித்திருக்கின்றன. வெளிநாட்டில் தேடினால் செடானுக்குக் கிடைக்கிறது, வேகனின் பின்பாதிக்குக் கிடைப்பதில்லை. அலுமினியத்தில் எக்ஸ்ட்ரூஷன் டை (உலோகத்தைத் துளை வழியே தள்ளி நீளப் பட்டையாக்கும் அச்சு) போடலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஒரே ஒரு பட்டைக்கு அது கட்டுப்படியாகுமா? வேறு வழி உண்டா?

பீன்யா டூல்ரூம்:
டை வேண்டாம் சார். டை செலவைக்கூடத் தாங்கிவிடலாம், ஆனால் எக்ஸ்ட்ரூஷன் கம்பெனிகள் குறைந்தது சில நூறு கிலோ ஆர்டர் கேட்பார்கள். உங்களுக்கு ஒரு கிலோவுக்குக்கூட வேலை இல்லை. அதோடு, எஸ்.எஸ். பட்டைகளுக்கு நடுவில் அனோடைஸ் செய்த அலுமினியம் வந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் இடது பட்டையின் தட்டையான பகுதியில் காந்தம் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பிடித்தால் 430 என்ற எஸ்.எஸ். ரகம், பிடிக்காவிட்டால் 300 வரிசை, அதாவது 304 போட்டால் போதும். வளைவில் வைத்துப் பார்க்க வேண்டாம். வளைத்த இடத்தில் 304-கூட லேசாகக் காந்தத்துக்கு இழுக்கும். இது ஏன் முக்கியமென்றால், பாலிஷ் போட்டபின் 430 சற்று நீலச்சாயலாகவும் 304 சற்று மஞ்சள்சாயலாகவும் நிற்கும். வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தெரியும்.

தடிமனை நுனியில் மைக்ரோமீட்டரால் அளங்கள். பெரும்பாலும் 0.5 முதல் 0.7 மி.மீ.க்குள் இருக்கும். 304 என்றால் அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) தகடு, ஒருபக்கம் பி.வி.சி. ஃபிலிம் ஒட்டியதாகக் கேளுங்கள். ஃபிலிமை மடிப்பு வேலை முடியும்வரை உரிக்காதீர்கள்.

தகட்டின் அகலம் கண்டுபிடிக்க மாஸ்கிங் டேப்பைப் பட்டையின் குறுக்கே, ஒரு உள்மடிப்பின் விளிம்பிலிருந்து மறு உள்மடிப்பின் விளிம்புவரை மேற்பரப்போடு ஒட்டி, உரித்துத் தட்டையாக அளங்கள். அதே அகலத்தில் 150 மி.மீ. துண்டு ஒன்றை முதலில் மடித்துப் பார்த்துவிட்டுத்தான் முழு நீளத்தை ஷியரிங்குக்கு (மெஷினில் தகடு வெட்ட) கொடுக்க வேண்டும்.

மடிக்கும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு ஓர மடிப்புகளையும் ஃபோல்டிங் மெஷினில் 90 டிகிரிக்கு முதலில் போட்டுவிட வேண்டும். நடு வளைவை முதலில் போட்டுவிட்டால் பிறகு ஓரத்தைப் பிடிக்க மெஷினுக்கு இடம் இருக்காது. அடுத்து பட்டையின் உள்வடிவத்துக்கு அராவிய எம்.எஸ். (சாதா இரும்பு) கம்பியின்மேல் வைத்து, நைலான் சுத்தியலால் நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் மெல்லத் தட்டி இறக்குங்கள். 304 திரும்ப விரியும். அதனால் கம்பியின் வளைவு அசலைவிடச் சற்று இறுக்கமாக இருக்கட்டும். கடைசியில் கம்பியை நீளவாக்கில்தான் உருவ முடியும். எண்ணெய் தடவாமல் அடித்தால் சிக்கிக்கொள்ளும்.

கூர்நுனியை அதே தகட்டில் ஒரு பொழுதும் மடித்துக் கொண்டுவர முயல வேண்டாம், கிழியும். தனியாக அடித்து உருவாக்கி, நுனியிலிருந்து 25, 30 மி.மீ. தள்ளி ஆர்கான் வெல்டிங்கில் இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே செம்புப் பட்டை வைத்து, 304-க்கு 308எல் ஃபில்லர் (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), கரண்ட் 30 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். 430 என்றால் வெல்ட் செய்த இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். வெல்டுக்குப் பிறகு அங்கே வளைக்கக் கூடாது.

மடிவாளா வேகன்:
மிக்க நன்றி சார். காந்தம் பிடிக்கவில்லை, எனவே 304. இரண்டு சந்தேகம். இடது பட்டையை ஸ்கேன் செய்து கண்ணாடி பிம்பமாகத் திருப்பினால் வலதுக்குச் சரியாக வருமா? பட்டை பாடியோடு சேர்ந்து நீளவாக்கிலும் வளைகிறதே, மடித்த பிறகு அதை எப்படி வளைப்பது?

பீன்யா டூல்ரூம்:
குறுக்குவெட்டுக்கு ஸ்கேன் போதும். நீளத்துக்கும் ஓட்டை இடத்துக்கும் அதை நம்ப வேண்டாம். அந்தக் காலத்து பாடியில் இடதும் வலதும் மி.மீ. கணக்கில் வித்தியாசப்படும், அதன்மேல் இப்போது டிங்கரிங் வேறு ஆகியிருக்கிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டை வலது குவார்ட்டரில் ஒட்டி, கிளிப் ஓட்டைகள், கதவு இடைவெளி, டெயில் லேம்ப் விளிம்பு மூன்றையும் மார்க்கரால் வரைந்து எடுங்கள். அதுதான் உங்கள் டெம்ப்ளேட்.

நீளவாக்கு வளைவுக்கு, பட்டையை அரக்கால் நிரப்பி ஆறவிட்டு, மரக்கட்டையில் வெட்டிய வளைவின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். தட்டார்கள் நகைக்குள் அரக்கு ஊற்றிவிட்டு அடிக்கும் அதே முறைதான். உள்ளே வெறுமையாக வைத்து வளைத்தால் மேற்பரப்பில் முறிவுக்கோடு விழும், அது பாலிஷில் போகாது. வளைவு அதிகமான இடத்தில் உள்மடிப்பில் மட்டும் 25 மி.மீ.க்கு ஒரு வெட்டு கொடுங்கள், வெளியே தெரியாது.

அல்சூர் பஃபிங்:
பாலிஷ் பற்றி நான் சேர்க்கிறேன். வெல்டை ஃபைலால் சமப்படுத்திய பிறகு 240, 320, 400, 600, 800 நம்பர் தேய்ப்புப் பேப்பர் என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். 400-இல் மிச்சமான கீறல் ஒன்று பஃபிங்கில் ஒருநாளும் போகாது. பிறகு சைசல் நார் வீல், கடைசியில் பச்சை சோப்போடு (பாலிஷ் கட்டியோடு) காட்டன் வீல். இரும்பு பஃப் செய்த வீலை இதில் தொடவிடக் கூடாது. இரும்புத் துகள் ஒட்டி, மழைக்காலத்தில் எஸ்.எஸ். துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி வரும்.

பட்டையை மரச்சட்டத்தில் கட்டாமல் வீலில் காட்டாதீர்கள். வீல் உங்களைவிட்டு விலகிப் போகும் ஓரத்தில்தான் எப்போதும் பஃப் செய்ய வேண்டும். எதிர்முனையில் காட்டினால் பிடுங்கி எறியும், பட்டையும் போகும், கையும் போகும்.

எழுத்துகள் ஜிங்க் வார்ப்பு. பிளேட்டிங் கடையில் கொடுக்கும்போதே “இது ஜிங்க், பித்தளை இல்லை” என்று அழுத்திச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் ஆசிட்டில் போட்டுச் சுத்தம் செய்வார்கள், எழுத்து கரைந்துவிடும். நிக்கலுக்கு முன் சயனைடு காப்பர் கட்டாயம். ஆழமாக அரித்துவிட்ட இரண்டையும் காப்பாற்றப் பாடுபடுவதைவிடப் பித்தளையில் வார்ப்பது நல்லது. நகரத்பேட்டையில் மெழுகு வார்ப்புச் செய்யும் நகைப் பட்டறைகள் சின்னத் துண்டுகளை வார்த்துத் தருவார்கள். குழியைப் புட்டியால் அடைத்து, சிலிக்கான் அச்சு எடுத்து மெழுகு ஊற்றினால் மெழுகும் உலோகமும் சேர்ந்து இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். 100 மி.மீ. எழுத்தில் பின்பக்கத் தண்டுகள் ஓட்டைக்கு வராது. எனவே தண்டு இல்லாமல் வார்த்து, பாடி ஓட்டைக்கு ஏற்பப் பிறகு மரையிட்ட தண்டுகளை ஒட்டுங்கள். எழுத்தின் அளவும் அசலோடு ஒத்திருக்க வேண்டுமென்றால் பிரதியைப் பெரிதாக்கி 3டி பிரிண்டில் எடுக்கலாம்; அதற்கு முன் அதே பட்டறையில் 100 மி.மீ. துண்டு ஒன்றை வார்த்து எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்துகொள்ளுங்கள்.

குர்லா பார்ட்ஸ்:
முன்கதவுப் பட்டையைச் செய்ய வேண்டாம், தேடுங்கள். பிளிமத், டாட்ஜ், டிசோட்டோ மூன்றும் மும்பை குர்லாவில் பிரீமியர் ஆலையில் பூட்டப்பட்டவை, எனவே செடான் பாகங்கள் நம்மூரிலேயே அவ்வப்போது தலைகாட்டும். பெங்களூருவில் ஜே.சி. ரோடு, சிவாஜிநகர் குஜ்ரி (பழைய சாமான் சந்தை). மும்பையில் குர்லா சி.எஸ்.டி. ரோடு. நாலு கதவு செடானிலிருந்து எடுங்கள். இரண்டு கதவு காரின் முன்கதவு நீளமானது, அதன் பட்டை உங்களுக்கு உதவாது. பின்பக்கத்தில் எண் அடித்திருந்தால் உங்கள் கிழிந்த பட்டையோடு ஒப்பிடுங்கள்.

டாப் கோட்டுக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பாருங்கள், அதுவும் கீல் அட்ஜஸ்ட் செய்த பிறகு. முன்கதவைத் திறந்தால் அதன் முன்விளிம்பு ஃபெண்டருக்குள் நுழையும்; பட்டை விளிம்பிலிருந்து 3, 4 மி.மீ. உள்ளே நிற்காவிட்டால் ஃபெண்டர் பெயின்டை உரித்துவிடும். புதிதாகத் துளைத்த ஓட்டை ஒவ்வொன்றின் விளிம்பிலும் பிரைமர், கிளிப்புக்குக் கீழே பியூட்டைல் டேப். எஸ்.எஸ்.சும் வெறும் இரும்பும் ஈரத்தில் தொட்டால் அரிப்பது இரும்புதான், அதுவும் பட்டைக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல்.