தாத்தாவின் போன்டியாக்: புதுப்பிப்பு

1960களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாட்ஸ்வொர்த் பகுதிக்கு அரசு எங்கள் குடும்பத்தைக் குடிபெயர்த்தபோது தாத்தா விற்ற 1951 போன்டியாக் சீஃப்டன் காரைத் தேடுகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? வண்டி கிடைத்துவிட்டது! பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் நிற்கிறது. டர்பனின் 'என்.டி.' எண் பலகை போய் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் 'என்.பி.' ஏறிவிட்டதால், பழைய எண் எதற்கும் உதவவில்லை.

காட்டிக்கொடுத்தது டாஷ்போர்டுதான். காவடிக்குப் போகிற வண்டியாயிற்றே என்று தாத்தா அதில் பித்தளை வேல் ஒன்றைத் திருகி வைத்திருந்தார். வேல் போய்விட்டது. இரண்டு திருகாணி ஓட்டைகளும், அவற்றைச் சுற்றி வெயில் படாமல் பெயிண்ட் வெளுக்காத வேல் வடிவமும் அப்படியே இருக்கின்றன. படத்தைப் பார்த்ததுமே அத்தை, "இதேதான்டா!" என்றார்.

பானெட்டின் நடுவே ஓடும் வெள்ளிக் கோடுகள் (1935 முதல் 1956 வரை போன்டியாக்கின் முத்திரையே அதுதான்) துருப்புள்ளிகளோடு முழுசாக உள்ளன. முனையில் இருக்கும் பழங்குடித் தலைவர் போன்டியாக்கின் தலை மட்டும் மாறியிருக்கிறது. இப்போது இருப்பது வெறும் குரோம். எங்களுடையது தேன் நிறப் பிளாஸ்டிக், இரவில் உள்ளே விளக்கெரியும்.

உரிமையாளர் விற்கமாட்டாராம். சரி, தைப்பூசத்துக்கு ஓட்டிவருகிறேன் என்கிறார், அதுவே போதும். அந்தத் தேன் நிறத் தலை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அவரே வாங்கிக்கொள்வார்.