பி.காம். பி.எட்.: யாருக்கு எந்த வருஷம் மிச்சம்?

மூணாவது பெஞ்ச்:
நேத்து கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் அளந்து விட்டாரு. "பையனை நாலு வருஷ பி.காம். பி.எட்.ல போட்டுட்டேன். நுழைவுத் தேர்வு எழுதி வெளிமாநிலத்துல சீட்டு. ஒரு வருஷம் மிச்சம் பாருங்க, முடிச்சதும் நேரா பிளஸ் டூ காமர்ஸ் வாத்தியார்." ரசம் ஊத்துற நேரத்துல வம்பு எதுக்குன்னு வாயை மூடிக்கிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறல. என் தங்கச்சி பொண்ணும் இதைத்தான் படிக்கணும்னு நிக்கிறா. வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேரேடு பெருமாள்:
முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில வணிகவியல் முதுகலை ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன் சொல்றேன். மேல்நிலைக்குப் பாடம் எடுக்க எம்.காம். வேணும், கூடவே பி.எட். வேணும். அந்த நாலு வருஷத்துல எம்.காம். எங்க இருக்கு? நாலோட ரெண்டு கூட்டினா ஆறு. நான் படிச்சது பி.காம். மூணு, எம்.காம். ரெண்டு, அப்போ பி.எட். ஒரு வருஷம். அதுவும் ஆறு. என்ன மிச்சம்? பந்தியில மிச்சமான பாயசமா?

கணக்குப்புலி:
ஐயா, நான் இப்போ அந்தப் படிப்புலதான் மூணாம் வருஷம் இருக்கேன். உங்க காலத்துக் கணக்கு உங்க பேரேட்டோட போச்சு. 2015-ல இருந்து பி.எட். ரெண்டு வருஷம். தனித்தனியா படிச்சா மூணு, ரெண்டு, ரெண்டு, மொத்தம் ஏழு. எனக்கு ஆறு. ஏழுல ஆறு போனா ஒண்ணு. ஒரு வருஷம் மிச்சம். இதுக்கு எம்.காம். தேவையில்ல, ஒண்ணாம் வகுப்புக் கழித்தல் போதும்.

பேரேடு பெருமாள்:
ஆக ஆறுன்னு நீயே ஒத்துக்கிட்ட. நன்றி.

கணக்குப்புலி:
ஆறு இல்லைன்னு எப்போ சொன்னேன்? மிச்சம் ஒரு வருஷம்னு சொன்னேன்.

தையல்நாயகி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தமிழ்நாட்டுல வரலாறு, கணக்கு, தமிழ் படிச்சவங்க டிகிரியோட பி.எட். சேரலாம். காமர்ஸ், எகனாமிக்ஸ்காரங்களுக்கு பி.எட்.ல இடம் கேக்கவே முதுகலை முடிச்சிருக்கணும். ஏன்னா ஆறுல இருந்து பத்து வரைக்கும் நம்ம பாடமே கிடையாது. டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வோட இரண்டாம் தாள் எடுத்துப் பாருங்க. ஒண்ணு கணக்கு - அறிவியல், இல்லைன்னா சமூக அறிவியல். வணிகவியல்னு ஒரு வரி உண்டா? வெறும் பி.காம். பி.எட்.டை வெச்சுக்கிட்டு நம்ம ஊர் அரசுப் பள்ளியில எந்த நாற்காலியில உக்காருவீங்க? இதைப் பேசாம வருஷக் கணக்குல சண்டை போடுறீங்க.

கணக்குப்புலி:
அக்கா, நீங்க சொல்றதுலயும் ஏழுதான் வருது. எனக்கு ஆறுதான். மிச்சம்.

வேப்பமரத்தடி:
பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்ல பொருளியல் பாடம் இருக்கு. அதை நடத்துறது வரலாறு படிச்சவங்க. எகனாமிக்ஸ் படிச்ச நாங்க வெளிய நின்னு வேடிக்கை பாக்குறோம். எங்களுக்கு நடக்குற அநியாயத்துக்கு யாரும் ஒரு இழை போடல. காமர்ஸ்காரங்களுக்குன்னா மட்டும் ஊரே கூடிடும்.

பேரேடு பெருமாள்:
தனி இழை போட்டுப் பேசுங்க தம்பி. இங்க ஓடுறது ஆறு வருஷக் கணக்கு.

வேப்பமரத்தடி:
காமர்ஸ் குரூப்ல பொருளியலும் ஒரு பாடம்தான் சார். எங்க பாடம் இல்லாம உங்க குரூப்பே இல்ல.

பேரேடு பெருமாள்:
கறிவேப்பிலை இல்லாமயும் குழம்பு இல்ல. அதுக்காகக் கறிவேப்பிலைய குழம்புன்னு யாரும் சொல்றதில்ல.

ஓரத்து சீட்:
இந்த நாலு வருஷப் படிப்பு என்னமோ புதுசுன்னு பேசுறாங்க. மைசூர்ல மத்திய அரசோட ஆசிரியர் கல்லூரி 1963-ல தொடங்கினது. அங்க அறிவியல்காரங்களுக்கு நாலு வருஷப் படிப்பு எத்தனையோ காலமா நடக்குது, நல்ல பேரும் உண்டு. 2020 கல்விக் கொள்கையில 2030-க்குள்ள வாத்தியார் வேலைக்குக் குறைஞ்சபட்சத் தகுதியே நாலு வருஷ ஒருங்கிணைந்த பி.எட்.னு எழுதிட்டாங்க. 2023-24-ல முன்னோட்டமா ஆரம்பிச்சும் ஆச்சு. நீங்க பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் அது வரும்.

பேரேடு பெருமாள்:
வரட்டும். வந்து ஆறு வருஷம் ஆகட்டும். நான் கேக்குறது வேற. நாலு வருஷத்துல பாதி நேரம் குழந்தை உளவியல், கற்பித்தல் முறை, பாடத்திட்டம் எழுதுறதுன்னு போயிடும். அடக்கவிலைக் கணக்கியல், நிறுமக் கணக்கியல், வருமான வரி, ஜிஎஸ்டி எல்லாத்தையும் எப்போ படிப்பீங்க? பற்று எந்தப் பக்கம் வரவு எந்தப் பக்கம்னு கரும்பலகை முன்னால தடுமாறுன பயிற்சி ஆசிரியர்களை என் கண்ணால பாத்திருக்கேன். ஆசிரியர் தேர்வு வாரியத்தோட (டி.ஆர்.பி.) முதுகலை ஆசிரியர் தேர்வுல 150 மார்க்குல 110 பாடத்துக்கு. கல்வியியலுக்கு 30-தான். எதை எங்க கூட்டணும்னு தெரியாதவங்கதான் மிச்சம் மிச்சம்னு கூவுவாங்க.

கணக்குப்புலி:
நாங்க ரெண்டாம் வருஷத்துலயே பள்ளிக்கூடத்துக்குப் போய் உக்காந்து பாக்குறோம். நீங்க எம்.காம். முடிச்சப்புறம்தான் சாக்பீஸையே தொட்டிருப்பீங்க. முப்பத்தோரு வருஷம் வாத்தியாரா இருந்தவர் போன வருஷம் இங்கயே இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வுல, அதாவது ட்ரையல் பேலன்ஸ்ல, வரவே வராதுன்னு அடிச்சுப் பேசினீங்க. சரக்கிருப்பை ஏற்கெனவே கூட்டிக் கழிச்சு, சரிக்கட்டப்பட்ட கொள்முதலா காட்டினா வரும்னு நான் சொன்னதும் ஒரு வாரம் ஆளையே காணோம். ஞாபகம் இருக்கா?

பேரேடு பெருமாள்:
அப்போ எனக்குக் கண் ஆபரேஷன். ஓடி ஒளியல. பிளஸ் ஒன் பையனுக்கு அந்த விதிவிலக்கை முதல் நாளே சொன்னா குழம்பிப் போவான்னுதான் வராதுன்னு சொன்னேன். கற்பித்தல் முறை படிக்கிற உனக்கு அதுகூடவா தெரியல?

கணக்குப்புலி:
இங்க யாரும் பிளஸ் ஒன் பையன் இல்ல ஐயா.

பேரேடு பெருமாள்:
சில நேரம் சந்தேகமா இருக்கு.

தையல்நாயகி:
நான் ஏழு வருஷம் படிச்சவ. எம்.காம்., ரெண்டு வருஷ பி.எட். எட்டு வருஷமா தனியார் பள்ளி. சம்பளம் பதினெட்டாயிரம். பக்கத்து வகுப்புல காமர்ஸ் எடுக்கிறவர் சி.ஏ.வைப் பாதியில விட்டவர், பி.எட். கிடையாது, அவருக்கு என்னை விட மூவாயிரம் அதிகம். உங்க ஆறும் ஏழும் எந்த நிர்வாகத்தோட காதுல விழுது?

ஓரத்து சீட்:
சி.ஏ. பாதி படிச்சிருந்தாலும் கணக்கு நல்லா வரும்ல மேடம். அதுக்குத்தான் காசு.

தையல்நாயகி:
எனக்கு வராதுன்னு யார் சொன்னது? என் வகுப்புல கணக்குப்பதிவியல்ல நூத்துக்கு நூறு ஒன்பது பேர். அவர் வகுப்புல எத்தனைன்னு கேட்டுச் சொல்லுங்க.

வேப்பமரத்தடி:
அதே குரூப்புல பொருளியல்ல எத்தனை சென்டம்னு யாரும் கேக்க மாட்டீங்களே.

கணக்குப்புலி:
எல்லாரும் எங்கேயோ போறீங்க. ஒரு வருஷம் மிச்சமா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

பேரேடு பெருமாள்:
சொல்றேன், கேட்டுக்கோ. 2025 பிப்ரவரியில தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் ஒரு வரைவு விதி வெளியிட்டுச்சு. முதுகலை முடிச்சவங்களுக்கு மறுபடியும் ஒரு வருஷ பி.எட். அது நடைமுறைக்கு வந்தா மூணு, ரெண்டு, ஒண்ணு. கூட்டு. ஆறு. நான் படிச்ச அதே ஆறு. நீ வெளிமாநிலத்துல விடுதிச் சாப்பாடு சாப்பிட்டு வாங்கப் போறதும் ஆறு. மிச்சம் எங்க? சட்டைப் பையிலயா?

கணக்குப்புலி:
அது வரைவு. வரைவை வெச்சு இறுதிக் கணக்கு தயாரிக்கிற முதல் ஆடிட்டர் நீங்கதான். அப்படியே வந்தாலும், நாலு வருஷ டிகிரிக்கு ஒரே வருஷ முதுகலைன்னு 2024-லயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லியாச்சு. அப்போ எனக்கு அஞ்சு. மறுபடியும் ஒண்ணு மிச்சம்.

பேரேடு பெருமாள்:
அது நாலு வருஷ ஹானர்ஸுக்குச் சொன்னது. பி.எட்.டோட சேத்துக் கட்டின டிகிரிக்கு நம்ம ஊர்ல எந்தப் பல்கலைக்கழகம் ஒரு வருஷ எம்.காம். தருது? ஒரு பேர் சொல்லு, பாப்போம்.

கணக்குப்புலி:
நம்ம ஊர்லயேதான் படிக்கணுமா? கேந்திரிய வித்யாலயா இந்தியா முழுக்க இருக்கு.

பேரேடு பெருமாள்:
அங்கயும் மேல்நிலை காமர்ஸுக்கு எம்.காம். கேக்குறாங்க. ஆறு.

கணக்குப்புலி:
அஞ்சு.

ஓரத்து சீட்:
ஏலக்கடை மாதிரி இருக்கு. நாலரைக்கு யாராவது வரீங்களா?

தையல்நாயகி:
சிரிங்க. மூவாயிரம் குறைச்சலா வாங்குறவளுக்குத்தான் அதோட வலி தெரியும்.

மூணாவது பெஞ்ச்:
எல்லாருக்கும் நன்றி. ஆனா என் தங்கச்சி பொண்ணு ஃபோனைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறா. போடலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

பேரேடு பெருமாள்:
முதல்ல ஆறுன்னு அந்தத் தம்பியை எழுதச் சொல்லுங்க. அப்புறம் பொண்ணுக்குச் சொல்றேன்.

கணக்குப்புலி:
நாளைக்கு எனக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. தூங்கப் போறேன். மிச்சம் ஒண்ணு.

பேரேடு பெருமாள்:
ஓடுறதைப் பாருங்க. சரி, அந்த இறுதிச் சரக்கிருப்பு விஷயத்தை இப்பவே பேசி முடிச்சிடுவோம். பழைய இழையில இவர் போட்ட உதாரணத்துல தொடக்கச் சரக்கிருப்பையே காணோம்...