சாப்பிட மறுக்கும் பிள்ளைகள்: நம் பக்கத்து அனுபவங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் அம்மா:

ப்ளஸ் ஒன் படிக்கும்போது மகள் முதலில் களியை நிறுத்தினாள், அப்புறம் சோறு, கடைசியில் மோர்கூட வேண்டாம் என்றாள். மாதவிலக்கு நின்றது. கண்பட்டிருக்கும் என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். ஒரு கிளினிக்கில் அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். இன்னொன்றில், "கொழுப்பு, ரெண்டு அடி போட்டு ஊட்டுங்க" என்றார்கள். அந்தப் பேச்சை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில்தான் இது அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் உணவுக் கோளாறு என்று தெரிந்தது. அங்கே எடைக்கு முன்னால் நாடியைப் பார்த்தார்கள். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென நிறைய சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இறங்கி இதயமே தடுமாறும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என்ன சாப்பாடு, எவ்வளவு என்பதை நானும் என் வீட்டுக்காரரும்தான் முடிவு செய்தோம். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையாம் இது. பெற்றோர் மேல் பழி போடாமல், அவர்கள் கையிலேயே சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுக்கிறார்கள். அழுவாள், தட்டைத் தள்ளுவாள். திட்டாமல், கெஞ்சாமல், முடிக்கும்வரை பக்கத்திலேயே இருப்போம். உடம்பு தேறிய பிறகுதான் பொறுப்பை மெல்ல அவளிடம் விட்டோம்.

தருமபுரி, கல்லூரி மாணவி:

அக்கா, உங்கள் மகள் இருந்த இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். பசி இல்லை என்பேன், ஆனால் பசிக்கும். பயம் அதைவிடப் பெரிதாக இருக்கும். தேறி வரும்போது ஒரு கல்யாணத்தில் அத்தை ஆசையாக, "இப்பதான் பூசினாப்ல இருக்கே" என்றார். அன்று ராத்திரியே மறுபடி சாப்பாட்டை நிறுத்தினேன். தயவுசெய்து சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: உடம்பைப் பற்றி நல்லதாகக்கூட எதுவும் பேச வேண்டாம்.

பாலக்கோடு, ஓர் அப்பா:

என் பையனுக்கு எடைக் கவலையே கிடையாது. மீன் முள் சிக்கியதிலிருந்து விழுங்கப் பயம். இதுவும் உணவுக் கோளாறில் ஒரு வகை என்று மனநல டாக்டர் சொல்லித்தான் தெரியும். கூழ், பிறகு குழைந்த இட்லி என்று படிப்படியாக ஏறி வந்தான்.

எங்கே போவது என்று புரியாதவர்கள் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். ஆனால் பிள்ளை மயங்கி விழுந்தாலோ, நாடி ரொம்ப மெதுவாக இருந்தாலோ போன் செய்துகொண்டிருக்க வேண்டாம். நேராக பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், சாப்பிடாமல் இருந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.